முதலில் நகல், பிறகு பழுது

2024 ஜனவரி. தில்லிக் குளிர் உச்சத்தில் இருந்த ஒரு காலையில், பெங்களூரில் இருக்கும் மகளுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். "அப்பா, சாப்பிட்டாச்சா?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் என் செல்போன் அணைந்துவிட்டது. சற்று நேரத்தில் தானாகவே உயிர் பெற்றது. அன்று மட்டும் நான்கு முறை இப்படி. சார்ஜ் என்னவோ 40 சதவீதம் இருந்தது.

கடைக்காரப் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாவற்றையும் அழித்துவிட்டால் சரியாகிவிடும், அங்கிள்" என்றான் இந்தியில். எனக்குப் பகீரென்றது. 2021-இல் மறைந்த என் மனைவி அனுப்பிய குரல் செய்திகள் அதில்தான் இருந்தன. "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க" என்பதுபோன்ற சின்ன விஷயங்கள்தாம். ஆனால் அந்தக் குரல் வேறெங்கும் இல்லை. போனை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எப்போதாவது வந்து போகும் கோளாறுதான் எங்களுக்குப் பெரிய சோதனை. நாம் போய்ப் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். அது எப்போது, என்ன செய்கையில் வந்தது என்று நோட்டில் குறித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். போனுக்கும் அதையே செய்தேன்.

முதலில் உறையைக் கழற்றினேன். பவர் பொத்தானை உறை அழுத்தினாலும் இப்படி நேரலாம். பயனில்லை. அடுத்து 'சேஃப் மோட்'. ஆண்ட்ராய்டு போனில் நாமாக ஏற்றிக்கொண்ட ஆப்கள் இதில் இயங்கா. அதிலும் காமிராவைத் திறந்ததும் அணைந்தது. ஆகவே குற்றம் அந்த ஆப்களுடையது அல்ல.

இரண்டு நாள் குறிப்பைப் புரட்டினேன். வீடியோ, காமிரா இரண்டின்போதுதான் தொல்லை. சார்ஜரில் செருகியிருந்தபோது ஒரு தடவைகூட இல்லை. பாட்டரிதான்!

லித்தியம் பாட்டரிக்கு வயதானால் அதன் உள்மின்தடை கூடுகிறது. குளிரில் இன்னும் கூடுகிறது. அதிக மின்சாரம் இழுக்கும் வேலை வந்ததும் வோல்டேஜ் சட்டென்று சரிகிறது. திரையில் தெரியும் சதவீதம் இதைக் காட்டுவதில்லை. சும்மா இருக்கையில் மீட்டரில் சரியாகக் காட்டும் எங்கள் 110 வோல்ட் பாட்டரியும், தண்டவாளத்தை மாற்றும் பாயின்ட் மோட்டார் ஓடும்போது இப்படித்தான் காலை வாரிவிடும்.

சார்ஜரில் செருகியபடியே குரல் செய்திகளையும் படங்களையும் கணினியிலும் பென் டிரைவிலும் நகலெடுத்தேன். அதன் பிறகே பாட்டரியை மாற்றக் கொடுத்தேன்.

அன்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பாட்டரி உப்பிப் பின்மூடி தூக்கியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தவோ குத்தவோ வேண்டாம். தீப்பிடிக்கக்கூடும். நேரே கடைக்குக் கொண்டுபோங்கள். போன் நன்றாக இருக்கும்போதே நகல் எடுத்துவைத்தால் அப்போது கவலை இராது.

மகளுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அன்றிரவு அவள் வீடியோவில் நெடுநேரம் அம்மாவைப் பற்றியே பேசினாள். போன் ஒரு முறைகூட அணையவில்லை.