முதல் கிராண்ட் எழுத உட்காருறதுக்கு முன்னாடி

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

பிஹெச்டி முடிச்சு, போஸ்ட்டாக்கும் முடியப்போற நண்பர்கள் என்கிட்ட அதிகமா கேக்குற கேள்வி இதுதான்: "சொந்தமா ஒரு லேப் ஆரம்பிக்க காசு எங்கேருந்து வரும்?" நான் காசநோய் ஆராய்ச்சியில இருக்கேன். கிராண்ட் எழுதியிருக்கேன், மத்தவங்க எழுதினதைப் படிச்சுக் கருத்தும் சொல்லியிருக்கேன். அந்த ரெண்டு பக்கத்துலேருந்தும் பேசுறேன்.

காசு எங்கே இருக்கு?

நிரந்தர வேலை கிடைச்சா சம்பளம் நிறுவனம் கொடுக்கும். ஆனா கெமிக்கல், ஆன்டிபாடி, ஃப்ரீசர், கூட வேலை செய்யுற ஜேஆர்எஃப்போட உதவித்தொகை, இதுக்கெல்லாம் பெரும்பாலும் நாமதான் வெளியே விண்ணப்பிச்சு வாங்கணும்.

இந்தியாவுல முக்கியமான கதவுகள் சில. 2023-ல சட்டம் போட்டு உருவான ஏஎன்ஆர்எஃப். பழைய எஸ்இஆர்பி இதுக்குள்ளதான் போயிடுச்சு. இதுல புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்களுக்குன்னே 3 வருஷத்துக்கு 60 லட்சம் வரைக்கும் தர்ற ஒரு திட்டம் இருக்கு. மருத்துவம் சார்ந்த கேள்விகளுக்கு ஐசிஎம்ஆர். உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனோட வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து 2008-ல தொடங்கின இந்தியா அலையன்ஸ். வெளிநாட்டுலேருந்து திரும்புறவங்களுக்கு ராமலிங்கசுவாமி ஃபெல்லோஷிப். நிரந்தர வேலை இல்லாதவங்களுக்கு இன்ஸ்பயர் ஃபேகல்டி: இதுல 5 வருஷம் உங்க சம்பளமே அதுலேருந்து வரும்.

இதுல பலதுக்கும் வயசு வரம்போ, பிஹெச்டிக்கு அப்புறம் இத்தனை வருஷம்ங்கிற வரம்போ இருக்கு. "இன்னும் ஒரு பேப்பர் வரட்டும், அப்புறம் போடலாம்"னு காத்திருக்கும்போது கதவு சத்தமில்லாம மூடிடும். அதனால முதல் வேலை, உங்க பிஹெச்டி தேதியை வெச்சு எந்தக் கதவு எப்ப மூடுதுன்னு ஒரு காகிதத்துல எழுதி சுவத்துல ஒட்டுறது.

கேள்வி எப்படி இருக்கணும்?

"சர்க்கரை நோய்க்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்வது." இப்படி ஒரு தலைப்பைப் பார்த்தா எனக்குப் பயம் வந்துடும். இது கேள்வி இல்லை, ஒரு ஊரோட பேரு மாதிரி. எந்தத் தெரு, எந்த வீடுன்னு சொல்லணும். "சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லாத காசநோயாளிகளுக்கு, ரெண்டு மாச சிகிச்சைக்கு அப்புறமும் சளியில கிருமி இருக்குற வாய்ப்பு அதிகமா?" இப்ப யாரைச் சேர்க்கணும், எதை அளக்கணும், எத்தனை பேர் வேணும்னு எல்லாமே இந்தக் கேள்விலேருந்தே வந்துடும்.

நல்ல கேள்விக்கு நான் வெச்சிருக்குற உதாரணம் நம்ம சென்னையிலதான் இருக்கு. 1956-ல இங்க ஒரு ஆய்வு தொடங்கினாங்க. காசநோயாளிகளை ரெண்டு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு சானடோரியத்துல சிகிச்சை, இன்னொரு குழுவுக்கு வீட்டுலயே அதே மருந்து. வீட்டு சிகிச்சையும் கிட்டத்தட்ட அதே அளவு பலன் தருது, வீட்டுல இருக்குறவங்களுக்கு அதனால கூடுதல் ஆபத்து பெருசா இல்லைன்னு 1959-ல முடிவு வந்துச்சு. கவனிங்க: பதில் எதிர்மாறா வந்திருந்தாலும் அது பயன்பட்டிருக்கும், இன்னும் படுக்கைகள் கட்டணும்னு தெரிஞ்சிருக்கும். ஆமான்னாலும் இல்லைன்னாலும் யாராவது ஒருத்தரோட முடிவு மாறணும். உங்க கேள்வியை இதுல உரசிப் பாருங்க.

படிக்கிறவர் யாரு?

ரிவ்யூவர் எப்பவும் உங்க துறையோட நிபுணர்னு நினைக்காதீங்க. பக்கத்துத் துறைக்காரரா இருக்கலாம். பகல்ல அவரோட லேப் வேலை, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு கட்டு விண்ணப்பம். முதல் பக்கத்துலயே மூணு விஷயம் அவருக்குக் கிடைச்சிடணும்: என்ன தெரியலை, நான் என்ன செய்யப்போறேன், அதை ஏன் நான் செய்ய முடியும்.

அப்புறம் நோக்கங்களோட அமைப்பு. முதல் நோக்கம் தோத்தா ரெண்டாவதும் மூணாவதும் சேர்ந்து விழுற மாதிரி கட்டாதீங்க. ரிவ்யூவர் கண்ணுல முதல்ல படுறது அதுதான். "இது நடக்கலைன்னா இப்படிச் செய்வேன்"னு நாலு வரி எழுதினா, இவங்க லேப்ல நின்னு வேலை பார்த்தவங்கன்னு நம்பிக்கை வரும்.

மனித மாதிரி எடுத்தா நெறிமுறைக் குழு அனுமதி, விலங்குன்னா விலங்கு நெறிமுறைக் குழு, மரபணு மாற்றம்னா உயிரிப் பாதுகாப்புக் குழு. இந்தக் குழுக்கள் தினமும் கூடாது. கடைசித் தேதிக்கு முந்தின வாரம் போய் நிக்க முடியாது.

பட்ஜெட்ல ஒரு மனுஷன் இருக்கார்

60 லட்சம்னா பெரிய தொகை மாதிரி தெரியும். கணக்குப் போடுவோம். ஜேஆர்எஃப்புக்கு மாசம் 37,000 ரூபாய், ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் எஸ்ஆர்எஃப்னா 42,000. இது 2023 ஜனவரியிலேருந்து இருக்குற விகிதம். 3 வருஷத்துக்கு 13.92 லட்சம். சென்னை மாதிரி நகரத்துல வீட்டு வாடகைப்படி 30 சதவீதம் சேர்த்தா சுமார் 18 லட்சம். ஒரே ஒரு ஆளுக்கே கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு போயிடுது. மீதியிலதான் கருவி, கெமிக்கல், பயணம் எல்லாம்.

இன்னொண்ணு, பணம் மொத்தமா வராது, தவணையாத்தான் வரும். செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் அனுப்பினாத்தான் அடுத்த தவணை. அது தாமதமானா முதல்ல அடி வாங்குறது உங்க மாணவர்தான். உதவித்தொகை வராம வாடகை கொடுக்கத் திண்டாடுறவங்களை எல்லா ஊர்லயும் பார்க்கலாம். அதனால கிராண்ட் வர்றதுக்கு முன்னாடியே உங்க நிறுவனத்துக் கணக்குப் பிரிவுல கேட்டுடுங்க: "தவணை தள்ளிப்போனா நீங்க முன்பணம் தருவீங்களா?" பதிலை எழுத்துல வாங்குங்க.

"இல்லை"ன்னு வந்தா?

பல தடவை வரும். ரிவ்யூவர் கருத்தை உடனே ஒரு தடவை படிச்சுட்டு, ரெண்டு நாள் மூடி வைங்க. அப்புறம் மூணாப் பிரிங்க. நிஜமான ஓட்டை: சரி பண்ணுங்க. தப்பாப் புரிஞ்சுக்கிட்டது: எழுத்தை மாத்துங்க, ஏன்னா அடுத்தவரும் அப்படியேதான் புரிஞ்சுக்குவார். வெறும் ரசனை வேறுபாடு: விட்டுடுங்க. அதே யோசனையைத் திருத்தி இன்னொரு இடத்துக்கு அனுப்புறதுல எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை. உங்க கேள்வியை ரெண்டு வரியில எழுதி, அறிவியலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருத்தர்கிட்ட கொடுங்க. அண்ணனோ, ரூம்மேட்டோ, யாரா இருந்தாலும் சரி. படிச்சுட்டு அவங்க வார்த்தையில உங்களுக்கே திருப்பிச் சொல்லட்டும். அவங்க சொல்றது நீங்க நினைச்சதுதான்னா, எழுத ஆரம்பிக்கலாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.