முட்டிக்கு ஆபரேஷன், கழுத்துக்கு எதற்கு எக்ஸ்ரே?

"முட்டி மாத்தப் போறாங்க. கழுத்துக்கு எதுக்கு டாக்டர் எக்ஸ்ரே?"

மயக்க மருத்துவரான என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் நோயாளி இல்லை, கூட வந்த மகனோ மருமகளோதான். பில் கட்டுகிறவருக்குக் கேட்க உரிமை உண்டு. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முழு மயக்கம் கொடுக்கும்போது தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேரும். மூச்சு விடும் தசைகளும் அதோடு ஓய்ந்துவிடும். அதனால் மூச்சுக்குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் டியூபை விட்டு, அதன் வழியாக மெஷின் மூச்சுக் கொடுக்கிறது. தலைக்கடியில் சின்னத் தலையணை வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, லாரிங்கோஸ்கோப் என்ற விளக்கு வைத்த தகட்டால் நாக்கைத் தூக்கினால் குரல்நாண் தெரியும். ஆக்ஸ்ஃபோர்டில் மேக்கின்டாஷ் 1943-இல் வெளியிட்ட வளைந்த தகடு இன்றும் ஊரெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. நம் கண்ணும் குரல்நாணும் ஒரே கோட்டில் வரவேண்டும், தலையைச் சாய்ப்பது அதற்குத்தான். நல்ல கழுத்து என்றால் ஒரு நிமிஷ வேலை.

ஆனால் அந்தச் சாய்வு கழுத்து முழுவதிலும் சமமாக நடப்பதில்லை. பெரும்பங்கு மண்டையோட்டுக்கும் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கும் இடையில்தான். இரண்டாவது எலும்பிலிருந்து ஒரு முளை மேலே நீட்டிக்கொண்டு, முதல் எலும்பின் வளையத்துக்குள் நிற்கிறது. திருகையின் அடிக்கல் முளையைச் சுற்றி மேல்கல் சுழலுமே, அப்படித்தான் நாம் தலையைத் திருப்புகிறோம். அதே வளையத்துக்குள், முளைக்குப் பின்னால், தண்டுவடம் இறங்குகிறது. முளை அதன்மேல் சாயாதபடி குறுக்கே ஒரு நார்ப்பட்டை இழுத்துப் பிடித்திருக்கிறது.

முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு, அந்தப் பட்டையை அரித்துவிடும். விரல்கள் கோணிப்போய், முட்டி தேய்ந்து வருகிறவருக்குக் கழுத்திலும் அது வேலை செய்திருக்கலாம். வலியே இல்லாமலும் இருக்கலாம். அதனால்தான் குனிந்து ஒன்று, நிமிர்ந்து ஒன்று என எக்ஸ்ரே கேட்கிறோம். முதல் எலும்பின் முன்வளைவுக்கும் முளைக்கும் உள்ள இடைவெளி பெரியவர்களுக்கு 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் பட்டை தளர்ந்திருக்கிறது என்று பொருள். இவர்களில் பலருக்குத் தலை பின்னால் சாய்வதைவிட முன்னால் குனிவதுதான் ஆபத்து. குனியும்போது முதல் எலும்பு முன்னே நழுவ, முளைக்கும் வளையத்தின் பின்பக்கத்துக்கும் நடுவில் தண்டுவடம் நசுங்கும். மயக்கத்தில் தசை தளர்ந்தவருக்கு உயரமான தலையணை வைத்தாலே அப்படி நசுங்கிவிடலாம்.

"முட்டிக்கு முதுகில் ஊசி போட்டால் போதுமே?" என்பீர்கள். போதும், பல நேரம் அதுதான் நல்லது. ஆனால் அந்த ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம், பாதியில் முழு மயக்கம் தேவைப்படலாம். கழுத்தைப் பற்றி அந்த நேரத்தில் விசாரிக்க முடியாது.

வயதானவர்களின் சாதாரணத் தேய்மானம் வேறு கதை. அது பெரும்பாலும் கீழ்க்கழுத்தில், ஐந்தாவது எலும்புக்கும் ஏழாவதுக்கும் இடையில் வரும். டியூப் விடும்போது அசைவு அதிகம் மேலேதான் என்பதால் பயம் சற்றுக் குறைவு. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் மட்டும் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தண்டுவடம் ஏற்கெனவே நசுங்கியிருக்கலாம். முதுகெலும்பே மூங்கில் போல ஒட்டிப்போகும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸில் கழுத்து அசையவே அசையாது. பலம்கொண்டு சாய்த்தால் முறியும்.

விபத்தில் அடிபட்டு வருபவரின் கழுத்தில் காலர் இருக்கும். காலரோடு வாய் சரியாகத் திறக்காது. அதனால் முன்பாதியைக் கழற்றிவிட்டு, ஒருவர் இரு கைகளாலும் தலையை ஆடாமல் பிடித்துக்கொள்வார். பிடிக்க வேண்டுமே தவிர இழுக்கக் கூடாது. அப்படிப் பிடித்தால் குரல்நாண் சரியாகத் தெரியாது என்பது வேறு சங்கடம். வீடியோ லாரிங்கோஸ்கோப் இங்கேதான் கைகொடுக்கிறது. கேமரா தகட்டின் நுனியிலேயே இருப்பதால் கண்ணை நேர்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை, தலையை அவ்வளவு சாய்க்கவும் வேண்டாம்.

இனி, எல்லோரும் பயப்படுகிற முறை: விழித்திருக்கும்போதே டியூப் விடுவது. லண்டனில் பீட்டர் மர்ஃபி 1967-இல் இதற்கு வழி காட்டினார். பித்தநாளத்தைப் பார்ப்பதற்கென்று இருந்த வளையும் ஸ்கோப்பை, மூட்டுவாதத்தில் இறுகிப்போன ஒரு நோயாளியின் மூக்கு வழியாக விட்டார். இன்று பென்சிலைவிட மெல்லிய ஸ்கோப்புகள் இருக்கின்றன. முதலில் எச்சில் வற்ற ஓர் ஊசி. பிறகு லிக்னோகெய்ன் மருந்தை மூக்கிலும் தொண்டையிலும் தெளிப்போம். கசக்கும், தொண்டை தடித்த மாதிரி இருக்கும், எச்சிலை விழுங்குவதே தெரியாது. லேசான அரைத்தூக்கத்துக்கும் மருந்து உண்டு. ஸ்கோப் குரல்நாணைத் தாண்டும்போது ஓர் இருமல் வரும். அதன்மேல் டியூபைச் சறுக்கிவிட்டதும் பேச்சு வராது, பயப்பட வேண்டாம். "கையை மடக்குங்க, கால் விரலை ஆட்டுங்க" என்போம். ஆட்டியதைப் பார்த்த பிறகுதான் தூங்கவைப்போம். கழுத்துக்கு எதுவும் ஆகவில்லை என்பதற்கு நோயாளியே சாட்சி. பலருக்கு மறுநாள் இது நினைவிலேயே இருக்காது.

என் கருத்து, இது எல்லோருக்கும் வேண்டியதில்லை. தெளிவான காரணம் இருந்தால் மட்டும் போதும், வீடியோ கருவி பழகிய கைக்குப் பல கழுத்துகள் பிடிபடும். டியூப் விடும் அந்த ஒரு நிமிஷத்தையே எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் மணிக்கணக்கில் தலை கோணலாக இருப்பதும், ரத்த அழுத்தம் இறங்கித் தண்டுவடத்துக்கு ரத்தம் குறைவதும் அதே அளவு கெடுதல் செய்யும். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கழுத்தின் முன்பக்கமாக டிஸ்க் ஆபரேஷன் செய்தவர்களுக்கு இன்னொன்று. உள்ளே ரத்தம் கட்டியோ வீங்கியோ மூச்சுப்பாதை நெருக்கப்படலாம். சந்தேகம் இருந்தால் டியூபை எடுக்காமல் ஐ.சி.யூ.வில் ஓர் இரவு வைத்திருப்போம். வார்டுக்கு வந்த பிறகு குரல் மாறுகிறது, விழுங்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது, கட்டுக்கடியில் கழுத்து புடைக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெல்லை அடியுங்கள், நர்ஸ் வரவில்லை என்றால் எழுந்துபோய்க் கூப்பிடுங்கள். சில நேரம் தியேட்டருக்குக் கொண்டுபோகக்கூட அவகாசம் இருக்காது, தையலைப் படுக்கையிலேயே பிரிக்க வேண்டிவரும்.