பழைய பளுவைத் தூக்கும் முன்



மூன்று மாதங்களுக்கு முன் ஒரு நாள், பெரட்டு முடிந்த கையோடு குலை வெட்டும் தோழர் ஒருவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக மருந்தகத்துக்குக் கொண்டுவந்தார்கள். வயது 43, எடை 94 கிலோ. "டிரெஸ்ஸர் ஐயா, இடுப்பு பிடிச்சுக்கிச்சு, நிமிர முடியல" என்றார்.

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. இனிப்பு நீர் இருக்கிறது, எடையைக் குறையுங்கள் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். அவர் உடனே இராச் சாப்பாட்டை நிறுத்தினார். இளவட்டமாக இருந்தபோது மைலோ டின்னில் சிமெண்டு ஊற்றிச் செய்த பளுவை லயத்துக்குப் பின்னாலிருந்து இழுத்து வந்து, முதல் நாளே பழைய கணக்குக்குத் தூக்கினார். விளைவு, பத்து நாள் வேலை இல்லை. வெட்டும் குலைக்குத்தான் கூலி என்பதால் அந்த மாதச் சம்பளமும் போயிற்று.

அவர் எண்ணம் நல்லதுதான். வழிதான் தவறு.

எதற்காகப் பளு?

2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் எடை கூடியவர்கள். ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு நீரிழிவு. எடை குறைய வேண்டியது அவசியம். ஆனால் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும் பங்கை வாங்கிக்கொள்ளும் கிடங்கு தசைதான். கிடங்கு சுருங்கினால் சர்க்கரை எங்கே போகும்? பளு தூக்கினால், "இந்தத் தசை தேவை" என்று உடம்பு அதைக் காத்துக்கொள்ளும்.

"நாள் பூரா குலை தூக்குறோமே, அது பத்தாதா?" என்று கேட்பீர்கள். தோட்ட வேலையில் உடம்பு உழைக்கிறது, உண்மை. ஆனால் ஒரே அசைவு, ஒரே பக்கம், ஓய்வில்லாமல். அதனால் சில தசை தேய்கிறது, சில தசை சும்மா இருக்கிறது. பயிற்சி என்பது எல்லாத் தசைக்கும் அளவோடு வேலை, பிறகு ஓய்வு.

எப்படித் தொடங்குவது?

முன்பு பயிற்சி செய்தவருக்குத் தசை சீக்கிரம் திரும்பும். ஆனால் மூட்டும் தசைநாரும் அந்த வேகத்துக்கு வராது. ஆகவே முதல் நான்கு வாரம் புது ஆள் போலவே இருங்கள்.

1. வாரம் இரண்டு நாள் போதும். இடையில் இரண்டு நாளாவது விடுங்கள். குலை அதிகமாக வெட்டிய நாளில் வேண்டாம்.

2. ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள்.

3. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்து நடப்பது, 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தலைக் கைக்கு ஒன்றாகத் தோளுக்கு மேல் உயர்த்துவது. எண்ணி 10 தடவை, இரண்டு சுற்று. நடைக்கு மட்டும் ஒரு நிமிடம்.

4. கீழே இருப்பதைத் தூக்கும்போது முழங்காலை மடக்குங்கள், முதுகை வளைக்காதீர்கள். மூச்சை அடக்காதீர்கள், இரத்த அழுத்தம் ஏறும். தூக்கும்போது மூச்சை விடுங்கள்.

5. எண்ணி 12 சுலபமாக வந்தபின்தான் சிறிது எடை கூட்டுங்கள்.

பெண்களுக்கும் இதே முறைதான். பளு தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவோம் என்ற பயம் வேண்டாம்.

சாப்பாடு

பட்டினி வேண்டாம். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை, தாவு அல்லது தெம்பே, பாதி காய்கறியும் பழமும். சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' இதுதான். தசைக்குப் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் உண்டு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டே புரதத்தைக் கூட்டவேண்டும். கெட்டிப் பால் ஊற்றிய தேத்தண்ணியைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. வாரம் அரைக் கிலோ குறைந்தால் நல்லது, ஒரு கிலோவுக்கு மேல் போகவேண்டாம்.

கவனம் தேவை

இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், இருதய நோய் அல்லது சர்க்கரையால் கண் பாதிப்பு உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பாருங்கள். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் செய்யக்கூடாது. வியர்த்து, கை நடுங்கினால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். மறுநாள் உடம்பு வலிப்பது சகஜம். ஆனால் நெஞ்சு அடைத்தாலோ, தசை வீங்கிச் சிறுநீர் தே ஓ நிறத்தில் போனாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தத் தோழர் இடுப்பு வலி தீர்ந்தபின் அரிசிப் பையோடு ஆரம்பித்தார். இப்போது எடை 89 கிலோ. "சிலுவாரு லூசாயிடுச்சு ஐயா" என்று சிரிக்கிறார். சிமெண்டுப் பளுவைப் பற்றிக் கேட்டேன். "அது அங்கனயே கெடக்கட்டும், அவசரமில்ல" என்றார்.

அந்தப் பொறுமைதான் மருந்து. சுவர் இருந்தால்தானே சித்திரம்!