புலிக்கு ஒரு விதி, ஆட்டுக்கு ஒரு விதி

சதுரங்கத்தில் வெள்ளைக்குள்ள குதிரை கறுப்புக்கும் உண்டு. இரு தரப்புக்கும் ஒரே படை, ஒரே விதி. நம் ஊர்த் திண்ணைகளில் கரிக்கட்டியால் கோடு கிழித்து ஆடும் ஆடுபுலி ஆட்டம் அப்படியன்று. அங்கே பகைவனுக்கென்றே தனி விதி வகுத்திருக்கிறார்கள். அதன் அருமை எனக்குச் சென்ற ஆண்டுதான் விளங்கியது.

1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பேச்சாலும் பகடையாலும் கதையை நடத்திச் செல்வது அது. போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என வேடங்களில் வகுப்புகள் உண்டு. எதிரிகளையெல்லாம் நடுவரே ஆட்டுவிப்பார்.

எங்கள் விடுதியில் நண்பர்கள் நால்வருக்கு நான் நடுவர். வில்லனையும் ஒரு போர்வீரனாகவே அமைத்தேன். நால்வரும் சூழ்ந்து நின்று அடிக்க, ஐந்தே நிமிடத்தில் கதை முடிந்தது. மூன்று இரவு கண்விழித்து எழுதிய கதை!

இக்குறை அயல்நாட்டாருக்கும் தெரிந்தே இருந்தது. 1980 ஜூலையில் 'டிராகன்' என்ற இதழ், அறவழி வீரனான பாலடினுக்கு நேர்மாறாக 'ஆன்டி-பாலடின்' என்றொரு வகுப்பை வெளியிட்டது. ஆட்டக்காரர் ஏற்பதற்காக அன்று, நடுவர் ஆட்டுவிக்கும் பகைவனுக்காகவே வகுத்தது.

எனக்கோ தாத்தாவின் புலிகள்தாம் நினைவுக்கு வந்தன. ஏரிக்கரையில் ஆடுகளை மேயவிட்டு, புளியங்கொட்டை மூன்றைப் புலியாகவும் கூழாங்கல் பதினைந்தை ஆடாகவும் வைத்து எனக்குக் கற்றுத் தந்தவர் அவர். கட்டத்தில் 23 முனைகள். எங்கள் பக்கத்து முறைப்படி, 15 ஆடுகளும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலியோ முதலிலிருந்தே உலாவும். ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமையே இல்லை. அநியாயமாகத் தோன்றுகிறதா? புலி குதிக்க வேண்டுமானால், ஆட்டுக்கு அப்பால் அதே கோட்டில் அடுத்த முனை காலியாக இருக்க வேண்டும். பின்னால் இன்னோர் ஆடு நின்றுவிட்டால் புலியின் பாய்ச்சல் அங்கே செல்லாது. எல்லா ஆடுகளும் உயிரோடு இறங்கினால் 18 முனைகள் நிரம்பி, மிஞ்சுவது ஐந்தே ஐந்து. அந்த ஐந்தையும் புலிக்கு எட்டாமல் செய்வதில்தான் ஆட்டமே இருக்கிறது. புலியின் பலமும் அதன் பலவீனமும் ஒரே விதிக்குள் அடங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

என் வில்லனையும் அப்படியே மாற்றினேன். அவன் எதிரியின் தலைக்கு மேல் பாய்ந்து மறுபுறம் இறங்கி வெட்டுவான். இறங்க இடமில்லையேல் பாய முடியாது. இதை நான் சொல்லவில்லை. நண்பர்கள் இரண்டு இரவுகள் தோற்று ஓடினர். மூன்றாம் இரவு, எங்களுள் மிகக் குறைவாகப் பேசுபவன், "முதுகோடு முதுகு ஒட்டி நில்லுங்கடா!" என்று கத்தினான். விடுதிக் காவலர் வந்து விளக்கை அணைக்கச் சொல்லும் அளவுக்கு ஆரவாரம்.

தாத்தா என்னோடு ஆடும்போதெல்லாம் ஆட்டுப் பக்கமே ஆடுவார். பொங்கல் விடுமுறையில், "இந்த வாட்டி நீ புலி எடு தாத்தா" என்றேன்.

"ஆடு மேய்க்கிறவனுக்குப் புலி எதுக்குடா?" என்றவர், பதினைந்து கூழாங்கற்களையும் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.