கையைக் கடிக்காத விலையில் ஒரு தாம்ஸன்

இரண்டாம் உலகப் போர்ப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தாம்ஸன், ஸ்டென், எம்பி40, காரண்ட் என்று பெயர் சொன்னாலே போதும், உருவம் கண்ணுக்குள் வந்துவிடும். அவற்றின் நகலைக் கையில் எடுத்து, 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டைகளைச் சுட்டபடி அணி பிரிந்து விளையாடும் ஆட்டம்தான் ஏர்சாஃப்ட். பிரிட்டனில் வார இறுதிகளில் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட காடுகளிலும் பழைய கட்டடங்களிலும் ஆட்டம் நடக்கிறது. அதிலும் உலகப் போர்க் காலத்துச் சீருடையோடும் அந்தக் காலத்துத் துப்பாக்கியோடும் மட்டுமே களமிறங்கும் ஒரு கூட்டம் உண்டு.

அந்தக் கூட்டத்தில் சேர நினைப்பவருக்கு முதல் தடை விலை. நவீன எம்4 வகை நகல்கள் ஏராளமாக விற்பதால் மலிவாகக் கிடைக்கின்றன. பழைய துப்பாக்கிகளைத் தேடுவோர் குறைவு, செய்வோரும் குறைவு, விலையோ அதிகம். மலிவாக வரும் சிலவற்றில் எதை எடுப்பது, எதை விடுவது? வெளியே தெரியும் குறையை நம் கையாலேயே சரிசெய்துகொள்ளலாம். உள்ளே இருக்கும் குறைக்குப் பணம் போய்க்கொண்டே இருக்கும். கடையில் நிற்கும்போது இந்த ஒன்றை மட்டும் மறக்காமல் இருந்தால் பாதித் தவறுகள் நடக்காது.

இந்த விளையாட்டு பிறந்த நாடு ஜப்பான். பொதுமக்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் நாடு அது. அசல் கிடைக்காத இடத்தில் உலோகத்தாலான மாதிரித் துப்பாக்கிகளுக்கு நல்ல சந்தை இருந்தது. 1971-லும் 1977-லும் சட்டம் இறுகியது. உலோகக் கைத்துப்பாக்கி மாதிரிகளின் குழலை அடைக்க வேண்டும், வெள்ளையோ மஞ்சளோ பூச வேண்டும் என்றானது. பிளாஸ்டிக் உடலோடு, உருண்டையைக் காற்றழுத்தத்தால் தள்ளும் துப்பாக்கிகள் பெருகியது அந்த நெருக்கடிக்குப் பிறகுதான். 1991-ல் டோக்கியோ மருய் நிறுவனம் பிரெஞ்சு ராணுவத்தின் ஃபமாஸ் துப்பாக்கியை மின் மோட்டாரில் இயங்கும் நகலாகக் கொண்டுவந்தது. இன்று சீனாவிலும் தைவானிலும் தயாராகும் மின் நகல்களில் பெரும்பாலானவற்றின் வயிற்றுக்குள் இருப்பது அந்த ஜப்பானிய அமைப்பின் வழிவந்த இயந்திரமே. மலிவுத் துப்பாக்கி வாங்குபவருக்கு இது பெரிய வரம். ஏன் என்று பார்ப்போம்.

மின் வகையில் பேட்டரி மோட்டாரைச் சுழற்றும். மோட்டார் பற்சக்கரங்களைச் சுழற்றும். அவை ஸ்பிரிங்கை அமுக்கியபடி பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்துச் சட்டென்று விடும். முன்னால் பாயும் பிஸ்டன் தள்ளுகிற காற்றில் உருண்டை பறக்கும். இத்தனையும் அடங்கிய பெட்டிக்குக் கியர்பாக்ஸ் என்று பெயர். அதில் எண் வரிசையில் வகைகள் இருக்கின்றன: எம்4 நகல்களில் இரண்டாம் வகை, ஏகே நகல்களில் மூன்றாம் வகை, தாம்ஸனில் ஆறாம் வகை. இப்படி அறியப்பட்ட வகையாக இருந்தால் பிஸ்டனோ ஸ்பிரிங்கோ தேய்ந்துபோகும்போது எந்தக் கடையிலும் மாற்று கிடைக்கும். ஒரு துப்பாக்கிக்கென்றே தனியாகச் செய்த பெட்டியாக இருந்தால், அந்தத் தயாரிப்பு நின்ற நாளோடு உதிரிபாகமும் நின்றுவிடும். சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதைப் போல, பழைய துப்பாக்கி நகலை வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது கியர்பாக்ஸ் எந்த வகை என்பதைத்தான்.

இந்தக் கணக்கில் முதல் முறை வாங்குபவருக்கு என் தேர்வு, சீனாவின் சிமா நிறுவனம் செய்யும் தாம்ஸன் எம்1ஏ1. டோக்கியோ மருய் செய்த தாம்ஸனைப் பின்பற்றியது இது. விலை கணிசமாகக் குறைவு. ஆறாம் வகைக் கியர்பாக்ஸ் பி90 என்ற நவீனத் துப்பாக்கியின் நகலிலும் இருப்பதால், அதை அறிந்த பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பேட்டரிக்குக் கட்டைக்குள்ளேயே இடம் உண்டு. வெளியே ஒயர் தொங்காது. குறை என்னவென்றால், மரம் இருக்க வேண்டிய இடத்தில் மரச்சாயம் பூசிய பிளாஸ்டிக். பார்த்தவுடன் பொம்மைக் களை தெரியும். ஆனால் இதுதான் கையால் தீர்க்கக்கூடிய குறை. பளபளப்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, அடர்பழுப்புச் சாயத்தை மெல்லப் பல பூச்சாக ஏற்றினால் பத்தடி தூரத்தில் வித்தியாசம் தெரியாது. பிறகு கையில் காசு சேரும்போது உண்மையான மரக்கட்டையும் கைப்பிடியும் வாங்கி மாட்டலாம். அவற்றைத் தனியாகவே விற்கிறார்கள். ஆளிவிதை எண்ணெய் தடவித் தடவி மரம் கருத்து வரும் அழகு தனி.

எம்பி40 விஷயத்தில் நிலைமை தலைகீழ். ஜெர்மனியின் அந்த அசல் துப்பாக்கியில் மரமே கிடையாது. எஃகுத் தகடும் பேக்கலைட்டும்தான். அதனால் ஏஜிஎம் நிறுவனத்தின் மலிவான உலோக நகல் வெளித்தோற்றத்தில் அசலுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஆனால் அதன் கியர்பாக்ஸ் பொதுவான இரண்டாம், மூன்றாம் வகைகளோடு அப்படியே பொருந்துவதில்லை. மடக்குக் கட்டை ஆடும். திறந்து பழுது பார்க்கத் தெரிந்தவர் எடுக்கலாம். தெரியாதவர் தாம்ஸனோடு தொடங்குவது நல்லது.

ஸ்டென் கதை சுவாரசியமானது. டன்கர்க் பின்வாங்கலுக்குப் பிறகு ஆயுதமின்றித் தவித்த பிரிட்டன், கிட்டத்தட்ட ஒரு குழாய்க்குள் ஸ்பிரிங்கை வைத்தது போன்ற இந்தத் துப்பாக்கியை 1941-ல் உருவாக்கியது. செலவு சுமார் 10 டாலர்தான் என்பார்கள். நாற்பது லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லாத இந்த முரட்டு வடிவம் மலிவு நகலுக்கு வெகுவாகப் பொருந்துகிறது. அசலிலேயே பூச்சு கரடுமுரடாக இருந்ததால் நகலின் கரடுமுரடும் உறுத்தாது. பிரிட்டிஷ் சீருடையில் ஆடுபவருக்கு, உள்ளமைப்பைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, தாம்ஸனுக்கு அடுத்தபடி இதைச் சொல்வேன்.

எட்டுக் குண்டுகள் தீர்ந்ததும் ‘டிங்’ என்று கிளிப் எகிறும் காரண்டை விரும்பாதவர் இல்லை. தைவானின் ஐசிஎஸ், ஜிஅண்ட்ஜி இரண்டு நிறுவனங்களும் மின் நகல் செய்திருக்கின்றன. தரமானவைதான், மலிவு என்ற கணக்கில் வராது.

தமிழ் வாசகர் பலருக்கு மனம் போவது 303 மேல். காவல் நிலையத்தில் நம் ஊரில் பார்த்துப் பழகிய லீ-என்ஃபீல்டு அது. வங்கத்தின் இஷாபூர் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, இரண்டு உலகப் போர்களிலும் இந்தியச் சிப்பாய்களின் தோளில் ஏறியது. உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு விடைகொடுத்ததே 2020-ல்தான். ஏரெஸ் நிறுவனம் இதன் நகலைச் செய்கிறது. மரமும் உலோகமுமாக இருப்பதால் விலை அதிகம். தவிர, ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துச் சுடும் ஸ்பிரிங் வகை அது. தானியங்கித் துப்பாக்கிகளோடு வருபவர்களுக்கு எதிரே ஒரு நேரத்தில் ஓர் உருண்டை மட்டும் சுட்டபடி நிற்கும் பொறுமை எல்லோருக்கும் இருக்காது. அந்தப் பொறுமை இருப்பவருக்கு, பேட்டரியும் எரிவாயுவும் இல்லாமல் மழையிலும் குளிரிலும் இயங்கும் ஸ்பிரிங் துப்பாக்கியைப் போல நம்பகமானது வேறில்லை. சீனத் தயாரிப்பான ஸ்னோ வுல்ஃபின் கார்98கே என்ற ஜெர்மன் துப்பாக்கி நகல் மலிவாகக் கிடைக்கும் போல்ட் வகைகளில் ஒன்று. போல்ட் வகையில் கேட்க வேண்டிய கேள்வி, உள்ளமைப்பு டோக்கியோ மருயின் விஎஸ்ஆர்-10 என்ற போல்ட் துப்பாக்கியை ஒட்டியதா என்பது. ஆம் என்றால் உதிரிபாகக் கவலை இல்லை.

கைத்துப்பாக்கிகளில் தைவானின் டபிள்யூஇ செய்யும் எம்1911 எளிய தேர்வு. முழு உலோகம், சுடும்போது மேல்பாகம் பின்னால் போய்வரும் எரிவாயு வகை. ஆனால் திரவ எரிவாயு ஆவியாகும்போது மேகசின் குளிர்ந்துபோகும், அழுத்தம் இறங்கும். டிசம்பர் காலையில் இதை நம்பி ஆடப் போகக் கூடாது. 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பியில் இயங்கும் வெப்லி மார்க் 6 ரிவால்வர் நகல் குளிரை இதைவிட நன்றாகத் தாங்கும்.

வாங்குவதற்கு முன் சட்டம். பிரிட்டனில் 2007 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த வன்முறைக் குற்றக் குறைப்புச் சட்டம், அசல் போலவே தோன்றும் நகலைப் பொதுவாக விற்கவோ இறக்குமதி செய்யவோ தடை விதிக்கிறது. ஏர்சாஃப்ட் ஆட்டக்காரர்களுக்கும் வரலாற்று நிகழ்வுகளை நடித்துக் காட்டுவோருக்கும் விலக்கு உண்டு. அதனால் பதிவு பெற்ற களத்தில் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குக் குறையாத கால அளவில் மூன்று ஆட்டமாவது ஆடி, உறுப்பினர் எண் பெற்ற பிறகே பெரும்பாலான கடைகள் விற்கும். அதுவரை வாடகைத் துப்பாக்கியில் ஆடலாம். எந்த வகை தனக்குப் பொருந்தும் என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். பாதிக்கு மேல் பளிச்சென்ற நிறம் பூசிய நகலை எண் இல்லாமலே 18 வயதானவர் வாங்கலாம். ஆனால் அதன் மேல் கறுப்புப் பூசி அசல் போல மாற்றுவது, விலக்கு இல்லாதவருக்குக் குற்றம். 2017 சட்டம் சக்திக்கும் வரம்பு வைத்தது: தொடர்ந்து சுடுபவை 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடுபவை 2.5 ஜூல். 0.2 கிராம் உருண்டை நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போனால் 1 ஜூல். ஸ்பிரிங்கை வலுவாக மாற்ற ஆசைப்படுபவர் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தச் சட்டங்களைத் தொல்லை என்று நினைப்பவர்கள் கிளீவ்லாந்தை நினைத்துப் பார்க்கட்டும். 2014 நவம்பர் 22 அன்று அந்த அமெரிக்க நகரின் பூங்கா ஒன்றில் டமிர் ரைஸ் என்ற 12 வயதுச் சிறுவன் கையில் வைத்திருந்தது கோல்ட் 1911-ன் ஏர்சாஃப்ட் நகல். நகல் என்று காட்டும் ஆரஞ்சு முனை அதில் இல்லை. போலீஸ் கார் வந்து நின்ற சில நொடிகளில் அவன் சுடப்பட்டான், மறுநாள் இறந்தான். களத்துக்கு வெளியே நகல் துப்பாக்கி எப்போதும் மூடிய பைக்குள்தான் இருக்க வேண்டும். பேருந்திலோ தோட்டத்திலோ அதை எடுத்துக் காட்டுவதற்கு எந்தக் காரணமும் போதாது.

இந்தியாவில் இருந்தபடி வெளிநாட்டு இணையக் கடையில் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும் குறுக்கே நிற்கின்றன. உரிமம் தேவையா, சுங்கத்தில் அனுமதி உண்டா என்பதை எழுத்தில் உறுதி செய்யாமல் பணம் கட்டவே கூடாது.

200 பவுண்டு வைத்திருப்பவர் அத்தனையையும் துப்பாக்கியில் போடக் கூடாது, 140 போதும். மீதி கண்ணுக்கும் பேட்டரிக்கும். கண்ணாடியில்தான் பலரும் கஞ்சத்தனம் பார்க்கிறார்கள். ஐரோப்பியத் தரமான இஎன்166-ல் எஃப், பி என்று இரண்டு குறிகளைப் பார்க்கலாம். 0.86 கிராம் எடையுள்ள 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் அடித்துப் பார்த்துத் தருவது எஃப். அதன் தாக்கம் 0.9 ஜூல்கூட இல்லை. களத்தில் பறக்கும் உருண்டையில் பல 1 ஜூலைத் தாண்டியவை. 120 மீட்டர் வேகத்தைத் தாங்கிய பி குறிக்கு அது 6 ஜூலுக்கும் மேல். எனவே பி குறிக்குக் கீழே இறங்கவே கூடாது; கறுப்புக் கண்ணாடியோ தொழிற்சாலைச் சாதாரணக் கண்ணாடியோ இதற்கு உதவாது. பேட்டரியில் 7.4 வோல்ட் லித்தியம் பாலிமர் போதும். வேகம் வேண்டும் என்று 11.1 வோல்ட் போட்டால் மலிவுத் துப்பாக்கியின் பிஸ்டன் பற்கள் சீக்கிரமே உதிரும். சுடும் குறி தப்புகிறது என்று தோன்றினாலும் ஸ்பிரிங்கில் கை வைக்க வேண்டாம். குழலின் தொடக்கத்தில் உருண்டைக்குப் பின்சுழற்சி கொடுக்கும் ஹாப்-அப் ரப்பரை நல்லதாக மாற்றி, 0.2 கிராமுக்குப் பதில் 0.25 கிராம் உருண்டை போட்டாலே துப்பாக்கி வேறு மாதிரி சுடும். செலவும் சொற்பம்.

பழையதாக வாங்குவது இன்னும் லாபம், சில விஷயங்களைப் பார்த்துக்கொண்டால். விற்பவர் பேட்டரி போட்டு நம் முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றாகப் பத்து, பிறகு தொடர்ச்சியாக ஒரு முறை. நடுவில் கிறீச்சென்ற சத்தம் வந்தால் பற்சக்கரம் சரியாகப் பொருந்தவில்லை. திருகாணித் தலைகள் மழுங்கியிருந்தால் பலமுறை திறக்கப்பட்டிருக்கிறது. யார் திறந்தார், எதற்கு என்று கேட்கலாம். உலோகம் என்று சொல்லப்படும் உடலில் மேகசின் பூட்டும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்து விரிசல் தேட வேண்டும். மலிவான வார்ப்பு உலோகம் முதலில் உடைவது அங்கேதான். உலகப் போர் ஆட்டங்களை நடத்துவோர் பலர், நூற்றுக்கணக்கான உருண்டைகள் கொள்ளும் பெரிய மேகசினை அனுமதிப்பதில்லை. அதனால் குறைந்த கொள்ளளவு மேகசின் நாலைந்து தேவைப்படும். அவை அந்தத் துப்பாக்கிக்கு இன்னும் கடையில் கிடைக்கின்றனவா, என்ன விலை என்று விசாரித்துவிட்டுப் பேரத்தைத் தொடங்கலாம்.