பட்டை உரித்தவர்களின் காடு

குமுளிக்கு வருகிற பிரயாணிகள் பெரும்பாலும் முதலில் செய்கிற காரியம், தேக்கடித் துறையில் படகுச் சீட்டுக்காக வரிசையில் நின்று, சீட்டுக் கிடைத்ததும் ஏரிக்குள் போய், கரையோரத்தில் ஒரு யானையாவது தென்படாதா என்று கண்களைச் சுழலவிடுவதுதான். யானை தென்பட்டாலும் படாவிட்டாலும், தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு கருத்துப்போய் நிற்கிற பட்ட மரங்கள் எல்லோர் கண்ணிலும் படும். அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும். 1895-ம் வருஷம் பெரியாற்றின் குறுக்கே அணை எழுந்து தண்ணீர் ஏறியபோது மூழ்கிப்போன காட்டின் மிச்சம்தான் அந்த மரங்கள் என்பதைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? இந்தப் பிரதேசத்துக்கென்று மனிதன் வகுத்த முதல் பெருந்திட்டத்துக்கு அவை சாட்சி.

அந்தத் திட்டத்தில் கணக்குக்குக் குறைவில்லை. 1886 அக்டோபர் 29-ந் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் ஆங்கில சர்க்காருக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய் குத்தகையில், 999 வருஷ காலத்துக்கு விடப்பட்டது. தேங்கிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையோடு கூடி, மதுரைச் சீமையின் வறண்ட வயல்களுக்கு உயிர் கொடுத்தது. அதற்காகத்தான் அணையைக் கட்டிய பென்னிகுவிக் துரையின் படத்தை இன்றும் தேனி மாவட்டத்து விவசாயிகள் வீட்டில் மாட்டி வைத்திருக்கிறார்கள். (அணையின் நீர்மட்டத்தைப் பற்றி இரண்டு ராஜ்யங்களுக்கும் நடந்துவருகிற வழக்கு நெடிய கதை, அதை இங்கே அவிழ்க்கப்போவதில்லை.) நிலத்துக்குக் கணக்கு இருந்தது, நீருக்குக் கணக்கு இருந்தது, குத்தகைப் பணத்துக்கும் இருந்தது. ஆனால் அந்தக் காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து ஜீவனம் செய்துவந்த மன்னான்களையும் பளியர்களையும் அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

அணைக்குப் பிறகு ஏரியைச் சுற்றிய காட்டின்மேல் மகாராஜாவின் பார்வை விழுந்தது. 1934-ல் அது நெல்லிக்காம்பட்டி வேட்டைச் சரணாலயம் ஆயிற்று. சுதந்திரத்துக்குப் பின் 1950-ல் பெரியாறு வனவிலங்குச் சரணாலயமாகவும், 1978-ல் புலிக் காப்பகமாகவும் மாறியது. ஒவ்வொரு பெயர் மாற்றத்தோடும் சட்டம் ஒரு பிடி இறுகிக்கொண்டே வந்து, நேற்றுவரை விறகு பொறுக்கியவளும் மாடு மேய்த்தவனும் ஒருநாள் விடிந்து பார்த்தபோது குற்றவாளிகளாகியிருந்தார்கள். அமெரிக்காவில் 1872-ல் யெல்லோஸ்டோன் என்ற தேசியப் பூங்காவை ஏற்படுத்தினார்களே, அங்கிருந்து உலகெங்கும் பரவிய சித்தாந்தம் இது: காட்டைக் காக்க வேண்டுமானால் மனிதனை வெளியே நிறுத்து. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியே நிறுத்தப்பட்டவன் இரவில் வேறு வழியாக உள்ளே வருகிறான். வரும்போது கையில் அரிவாளோடு வருகிறான்.

குமுளிப் பக்கத்தில் அப்படி வந்தவர்கள் வயணப் பட்டை உரிக்கிறவர்கள். வயணம் என்பது நாம் சமையலுக்குப் போடுகிற லவங்கப்பட்டையின் காட்டு உறவினம். தோளில் அரிசி மூட்டையோடு காட்டுக்குள் புகுந்து, நாட்கணக்கில் அங்கேயே தங்கி, காவலர் கண்ணில் படாமல் பட்டையை உரித்துச் சுமந்துகொண்டு வருகிற இவர்களுக்கு எந்த ஓடையில் எப்போது தண்ணீர் இருக்கும், யானை எந்தத் தடத்தில் இறங்கும், எந்த மேட்டிலிருந்து பார்த்தால் வனத்துறை முகாமின் புகை தெரியும் என்பதெல்லாம் உள்ளங்கை ரேகைபோல் மனப்பாடம். லாபத்தின் பெரும்பங்கு வியாபாரிக்கு. வழக்கும் தலைமறைவும் இவர்களுக்கு.

1996-ல் உலக வங்கியின் உதவியோடு இந்தியாவில் ஏழு காப்பகங்களில் ‘சூழல் மேம்பாட்டுத் திட்டம்’ என்று ஒன்று ஆரம்பமாயிற்று. ஏழில் பெரியாறும் ஒன்று. இத்தகைய திட்டங்களின் பெயரைக் கேட்டாலே நமக்கு ஒரு கொட்டாவி வருவது சகஜம். சாலை போட்டார்கள், கட்டடம் கட்டினார்கள், அறிக்கை அச்சிட்டார்கள் என்பதோடு அவற்றின் ஆயுசு முடிந்துவிடும். பெரியாற்றில் அப்படி முடியவில்லை. அங்கிருந்த சில வன அதிகாரிகள், பட்டை உரிக்கிறவர்களைப் பிடித்துச் சிறையில் போடுவதைவிட அவர்களோடு உட்கார்ந்து பேசுவது மேல் என்ற, உத்தியோக உலகத்தில் அபூர்வமான முடிவுக்கு வந்தார்கள். இருபத்துச் சொச்சம் பேர் சரணடைந்தார்கள். கடத்தலின் வழிகளையும் அதன் பின்னிருந்தவர்களையும் காட்டிக்கொடுத்தார்கள். அவர்கள்மேல் இருந்த வழக்குகளைத் திரும்பப் பெற வழி செய்யப்பட்டது. பிறகு அவர்களையே ஒரு குழுவாக்கி, பிரயாணிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிக்கொண்டுபோய், இரவு கூடாரத்தில் தங்கவைத்து, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கிற வேலையை ஒப்படைத்தார்கள். ‘பெரியாறு புலித்தடம்’ என்று இன்று வெளிநாட்டார் விரும்பி நடக்கிற பாதை அதுதான். எந்தத் தடங்களில் திருட்டுப் பட்டையைச் சுமந்தார்களோ அதே தடங்களில் இப்போது ரோந்து நடக்கிறது. காட்டுக்கும் இரண்டு கண்கள் கூடுதலாகக் கிடைத்தன.

இந்த விஷயம் காற்றோடு பரவிற்று. எல்லைக்கு இந்தப் புறம், தமிழ்நாட்டு மலையடிவாரத்தில் வேட்டையாடிக்கொண்டிருந்தவர்கள் ‘விடியல்’ என்ற பெயரில் தங்களுக்கும் ஒரு சங்கம் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் பிரயாணிகளை மாட்டுவண்டியில் ஏற்றி, கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களையும் தோப்புகளையும் காட்டி வருகிறார்கள். 2002-லிருந்து குமுளிப் பக்கத்துப் பெண்கள், ஒரு காசு கூலி வாங்காமல், ‘வசந்த சேனை’ என்ற பெயரில் முறைவைத்துக் காட்டோரத்தைச் சுற்றிவரத் தொடங்கினார்கள்.

திட்டம் வந்தபோது மன்னான்களும் பளியர்களும் மிளகு போட்டிருந்தார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் மன்னான்கள். அவர்கள் பேச்சைக் கேட்டால் நமக்கும் அது பொய்யென்று தோன்றாது. கொடி அவர்களுடையது, ஆனால் விளைச்சல் அவர்களுடையதாக இல்லை: அவசரத்துக்குக் கைநீட்டி வாங்கிய கடனுக்காகக் காய்க்குமுன்பே வியாபாரியிடம் அடகு போயிருந்தது. திட்டத்தின்கீழ் அவர்களுக்கென்று அமைந்த குழு முதலில் செய்த காரியம் அந்த அடகை மீட்டதுதான். மிளகுக்கொடிக்கும் புலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர் உண்டு. வீட்டுக் கொடியில் வருமானம் வருகிறவன் காட்டு மரத்தில் கை வைக்கமாட்டான், சம்பந்தம் அவ்வளவுதான்.

திட்டத்தின் பணம் 2004-ல் நின்றபோது, அதற்குள் ஏற்பட்டிருந்த 72 குழுக்களும் சிதறிப்போயிருக்க வேண்டும், அதுதான் வழக்கம். ஆனால் அதே வருஷத்தில் பெரியாறு அறக்கட்டளையை நிறுவி, பிரயாணிகள் கொடுக்கிற நுழைவுக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கும் ஒரு சிறு தொகையை அதற்கு விட்டார்கள். 2006-ல் வனவிலங்குச் சட்டம் திருத்தப்பட்டபோது நாட்டின் புலிக் காப்பகங்கள் எல்லாவற்றுக்கும் அறக்கட்டளை என்ற ஏற்பாடு வந்துவிட்டது. குமுளியில் பிறந்த ஒரு யோசனை பார்லிமெண்டுவரை போயிற்று என்றால் அது சாமானியமான காரியமன்று.

எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பிரயாணியை நம்பிய ஜீவனம் பிரயாணி வராவிட்டால் என்னவாகும் என்பதை 2020-ல் தொற்றுநோய்க் காலம் காட்டிக்கொடுத்தது. கூட்டம் அளவு மீறினால் என்னவாகும் என்பதை 2009 செப்டம்பர் 30-ந் தேதி இந்த ஏரியிலேயே கவிழ்ந்து 45 உயிர்களைக் கொண்டுபோன படகு அதற்கு முன்பே காட்டிவிட்டது. அதிகாலையில் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறுகிற ஏலத்தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்கு, தாங்கள் நாள்தோறும் சுவாசிக்கிற பூச்சிமருந்தைப் பற்றிப் பேச இந்தக் குழுக்களில் இடமில்லை.

ஆயினும் மற்றொரு வழியோடு ஒப்பிட்டால்தான் இதன் அருமை விளங்கும். மாதவ் காட்கில் தலைமையில் 2010-ல் அமைந்த நிபுணர் குழு, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஒரு நல்ல திட்டம் தந்தது. எங்கே எது கூடும், எது கூடாது என்று கிராமசபைகளே யோசித்து முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். 2011 ஆகஸ்டில் கொடுத்த அந்த அறிக்கையைச் சர்க்கார் மறுவருஷம் மே மாதம்வரை வெளியிடவில்லை. வந்ததும் ஆங்கிலத்தில் வந்தது. பின்னர் சர்க்கார் அமைத்த கஸ்தூரிரங்கன் குழு, காக்க வேண்டிய இடங்களைக் குறித்து வேறு ஒரு வரைபடத்தைத் தந்தது. எந்தச் சர்வே எண் கோட்டுக்கு உள்ளே, எது வெளியே என்று சொல்ல ஆளில்லாமல், வீடு போய்விடும் நிலம் போய்விடும் என்ற வதந்தி மட்டும் மலையெங்கும் பரவி, 2013 நவம்பரில் இடுக்கி மாவட்டம் கடையடைத்துக் கொந்தளித்தது. காட்கில் சொன்னதைப் படித்தவர்களைக் காட்டிலும் அவரைத் திட்டியவர்களே அதிகம். 2020 ஆகஸ்டில் இதே மாவட்டத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து தமிழ்த் தோட்டத் தொழிலாளிகள் லயத்தோடு புதைந்தபோதுதான் அந்தப் பழைய அறிக்கையைப் பலர் மறுபடி புரட்டினார்கள். வயநாட்டில் நேர்ந்த மலைச்சரிவுக்கு மறுநாள், 2024 ஜூலை 31-ல், மேற்குத் தொடர்ச்சி மலையில் காக்க வேண்டிய இடங்களைப் பற்றிய சர்க்காரின் வரைவு அறிவிக்கை ஆறாம் முறையாக வெளிவந்தது. பட்டை உரித்தவர்களோடு சில அதிகாரிகள் உட்கார்ந்து பேசியதைப்போல, மலைக் கிராமங்களோடு யாரும் உட்காரவில்லை என்பதுதான் இவ்வளவுக்கும் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

பெரியாற்றுக் காட்டை ஒட்டியே, தமிழ்நாட்டின் பக்கத்தில், 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிக் காப்பகம் பிறந்திருக்கிறது. புலிக்கு ராஜ்ய எல்லை தெரியாது. வைகையின் மூல ஓடைகளும் அங்கேதான். வருஷநாட்டு மலைக் கிராமத்து ஜனங்கள் தங்களை அப்புறப்படுத்திவிடுவார்களோ என்று கலங்கிப்போயிருக்கிறார்கள். அந்தக் காப்பகத்துக்குத் திட்டம் வகுக்கிற உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காகிதத்தில் கோடு கிழிப்பதற்கு முன்னால் ஒருமுறை குமுளிக்கு ஏறிப்போய், ஒரு காலத்தில் பட்டை உரித்த அந்த மனிதர்களோடு ஓர் இரவு காட்டில் தங்கி, அவர்கள் சொல்வதைக் கேட்டு வாருங்கள். கம்பத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான்.