நினைவு இருக்கு, வார்த்தைதான் வரலை... மூளையில் மொழி மெல்ல மெல்ல அழிவது எப்படி?

2022 மார்ச் மாதம் 'டை ஹார்ட்' பட நாயகன் புரூஸ் வில்லிஸ் நடிப்பிலிருந்து விலகுவதாக அவரது குடும்பம் அறிவித்தது. சொல்லப்பட்ட காரணம் அஃபேசியா. பேசுவதிலும், பிறர் பேசுவதைப் புரிந்துகொள்வதிலும் வரும் பாதிப்புக்குத்தான் இந்தப் பெயர். ஓராண்டு முடிவதற்குள், 2023 பிப்ரவரியில் அடுத்த அறிவிப்பு வந்தது. அவருக்கு இருப்பது ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா.

முதல்ல பேச்சுப் பிரச்னைன்னாங்க, இப்போ டிமென்ஷியாங்கறாங்க, எதுதான் உண்மை? ரெண்டுமே உண்மைதான். அஃபேசியா என்பது காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. அதுக்குப் பின்னாடி இருக்கும் நோய் எது என்பது தனிக் கேள்வி.

பக்கவாதத்தாலும் பேச்சு போகும். ஆனால் அது திடீர்னு, சில நிமிடங்களில் நடக்கும். இன்னொரு வகையில் மொழி வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். 1982ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மார்செல் மெசுலம் இப்படிப்பட்ட ஆறு பேரைப் பற்றி எழுதினார். அவர்களுக்கு மொழி தேய்ந்துகொண்டே போனது, நினைவாற்றலும் மற்ற திறன்களும் பெரிதாகக் கெடவில்லை. இதைத்தான் இன்று 'பிரைமரி புரோகிரசிவ் அஃபேசியா' என்கிறார்கள். 65 வயதுக்கு முன்பே இது தொடங்குவதும் சகஜம்.

மூளைக்குள் என்ன நடக்குது?

பெரும்பாலானவர்களுக்கு மொழியைக் கவனித்துக்கொள்வது மூளையின் இடது பாதி. அங்குள்ள நரம்பு செல்களில் டாவ், டிடிபி-43 போன்ற புரதங்கள் தவறாக மடிந்து சேர்கின்றன. செல்களுக்கு இடையிலான இணைப்புகள் முதலில் பலவீனமாகும், பிறகு செல்களே சாகும். எம்ஆர்ஐ படத்தில் அந்தப் பகுதி மட்டும் சுருங்கித் தெரியும். சுருக்கம் எங்கே தொடங்குகிறதோ, அதைப் பொறுத்துத்தான் மொழியில் முதலில் எது போகும் என்பது முடிவாகும்.

இடது நெற்றிப் பகுதியில் தொடங்கினால் வாக்கியம் உடையும். "நேத்து... டாக்டர்... போனேன்" என்று திக்கித் திணறி வரும். 'கிட்ட' மாதிரி ஒட்டும் சொற்கள் விழுந்துவிடும். ஆனால் டாக்டர் என்றால் யார் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

இடது பொட்டுப் பகுதியின் முன்முனையில் தொடங்கினால் கதை அப்படியே தலைகீழ். பேச்சு சரளமாக இருக்கும், இலக்கணமும் சரியாக இருக்கும், அர்த்தம்தான் காணாமல் போகும். மயிலைக் காட்டினால் முதலில் 'பறவை' என்பார், கொஞ்ச நாள் கழித்து 'அது' என்பார். "வெண்டைக்காய் வாங்கிட்டு வாங்க" என்றால், "வெண்டைக்காய்னா என்ன?" என்று கேட்பார். வீட்டில் இருப்பவர்கள் இதைக் கிண்டல் என்றோ, வேணும்னே பண்றார் என்றோ நினைத்துச் சண்டை போடுவதும் நடக்கும். அவர் நடிக்கவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த பொருளே மூளையில் அழிந்துவிட்டது.

மூன்றாவது வகை காதுக்கு மேலே, சற்றுப் பின்னால் தொடங்கும். பேச்சு நடுவில் நின்று நின்று வரும். நீளமான வாக்கியத்தைச் சொல்லி, திருப்பிச் சொல்லுங்க என்றால் முடியாது. போன் நம்பரைக் கேட்ட மறுநொடியே நழுவிவிடும். இந்த வகைக்குப் பெரும்பாலும் காரணம் அல்சைமர் நோய். ஆமாம், அல்சைமர் என்றாலே முதலில் மறதிதான் வர வேண்டும் என்று இல்லை.

அப்புறம் எங்கே பரவும்?

இந்த நோய் தொடங்கிய இடத்திலேயே நிற்காது. ஒன்றோடு ஒன்று இணைந்து வேலை செய்யும் பகுதிகள் வழியாக நகரும், வலது பாதிக்கும் போகும். அதனால்தான் அர்த்தம் தொலைந்த வகையில் சில வருஷங்களில் குணம் மாறலாம், பிறர்மேல் இருந்த பரிவு குறையலாம். வாக்கியம் உடைந்த வகையில் விழுங்குவது, நடப்பது எல்லாம் சிரமமாகலாம்.

இந்த மாற்றத்தை வியப்பாகக் காட்டிய ஒருவர் கனடா விஞ்ஞானி ஆன் ஆடம்ஸ். அறிவியலை விட்டு ஓவியத்துக்கு வந்த அவர், 1994ல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் 'பொலேரோ' இசையை அப்படியே ஓவியமாக மாற்றினார். சில ஆண்டுகள் கழித்து அவருடைய பேச்சு உடையத் தொடங்கியது. 2008ல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் அவரது மூளைப் படங்களை வெளியிட்டார்கள். இடது முன்பகுதி சுருங்கியிருந்தது. வலது பின்பகுதி, சக வயதினரைவிடச் செழிப்பாக இருந்தது. ராவெலும் கடைசிக் காலத்தில் மொழியை இழந்தவர்தான். அவருக்கும் இதே நோய் இருந்திருக்கலாம் என்று சில மருத்துவர்கள் கருதுகிறார்கள். 'இந்த நோய் வந்தா திறமை வளரும்'னு மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பிடாதீங்க. இது அபூர்வம்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

ஒரு நடிகர் பெயர் நாக்கு நுனியில் நின்றால் பயம் வேண்டாம், எல்லோருக்கும் நடப்பதுதான். தினமும் புழங்கும் சொற்கள் மாதக்கணக்கில் குறைந்துகொண்டே போனாலோ, தெரிந்த சொல்லுக்கே அர்த்தம் கேட்டாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்க. பேச்சு திடீரெனக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108க்கு போன் பண்ணணும்.

பரிசோதனையை நோயாளியின் தாய்மொழியில் செய்வது முக்கியம். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றும் உச்சரிப்பு ஒன்றுமாக இருக்கும் சொற்களைப் படிக்கச் சொல்லி இரண்டாவது வகையைக் கண்டுபிடிப்பார்கள். தமிழில் பெரும்பாலும் எழுதியதைத்தான் படிக்கிறோம். அதனால் அந்தச் சோதனையை அப்படியே மொழிபெயர்த்தால் உதவாது.

இந்த மொழி இழப்பைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. பேச்சுப் பயிற்சி கொஞ்ச காலம் கைகொடுக்கும். குடும்பத்தினர் போட்டோ, அடிக்கடி போகும் கடை, பிடித்த சாப்பாடு என்று போனில் ஒரு பட ஆல்பம் போட்டு, பேச்சு வரும்போதே அதைக் காட்டிக் கேட்கப் பழக்குவார்கள். குரல் நன்றாக இருக்கும்போதே பதிவு செய்து வைக்கவும் சொல்வார்கள்.